இரவல் போன பேட்டரி

ஐயா, அம்மா, வணக்கம்.

சென்ற வாரம் இந்த இடத்தில் என் பத்தி இல்லாததைக் கண்டு, உடம்புக்கு என்ன என்று கடைக்கே வந்து விசாரித்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தேன்; கை வரவில்லை. இந்த வாரமும் வந்திருக்காது. ஆனால் ஒரு பெண்மணி என்னிடம் ஒன்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் என்னைத் தூங்க விடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் தங்கை மகன் பாஸ்கரன் ஆரணியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருப்பதையும், அவனுடைய ட்ரோனுக்குப் பேட்டரி சார்ஜ் போடும் பொறுப்பு இந்த வயதில் என் தலையில் வந்து விழுந்ததையும் முன்பு வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். இன்று அதில் வேடிக்கை இல்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ட்ரோனுக்கு மூன்று பேட்டரிகள். ஒன்று வானத்தில் இருக்கும்போது ஒன்று சூடு ஆறிக்கொண்டிருக்கும், ஒன்று சார்ஜரில் இருக்கும் — இப்படி மாறி மாறி வர வேண்டும். பறந்து இறங்கிய பேட்டரி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுடும். ஆறாமல் சார்ஜ் ஏறாது.

ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு சிறு மூளை உண்டு. அம்மூளைக்குரிய கட்டளைகளைத் தயாரித்தவர்கள் அவ்வப்போது இணையத்தின் வழியே புதுப்பிப்பார்கள். ஃபர்ம்வேர் அப்டேட் என்று அதற்குப் பெயர். ட்ரோனும் பேட்டரியும் ஒரே பதிப்பில் இருந்தால்தான் அது எழும்பும். மாறியிருந்தால், எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் தரையைவிட்டு நகராது. அப்டேட்டும் மொத்தமாகச் செய்ய இயலாது. ஒவ்வொரு பேட்டரியாகச் செருகி, காத்திருந்து, கழற்ற வேண்டும் — மூன்று பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதைப் போல.

இவையெல்லாம் புத்தகப்படி. ஊர்ப்படி வேறு.

முகூர்த்த நாள் என்றால் எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் வேலை. ஆகவே பேட்டரிகள் இரவல் போகும். இங்கிருந்து ஒன்று கண்ணமங்கலம் போகும். போளூரிலிருந்து ஒன்று இங்கே வரும். இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர நம் வீடுகளில் மனம் வருமா? இரண்டு முறுக்காவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். அவ்வழக்கம் பேட்டரிக்கும் வந்துவிட்டது. வாங்கியவர் முழுதாகச் சார்ஜ் ஏற்றியே திருப்பித் தருவார். முழு சார்ஜோடு சும்மா கிடந்தால் பேட்டரி மெல்ல உப்பும். பாதியளவில் வைத்திருப்பதே அதற்கு நல்லது. இருந்தாலும், பாதி சார்ஜோடு திருப்பிக் கொடுக்க எவருக்குக் கை வரும்?

கண்ணமங்கலத்து ஸ்டூடியோக்காரன் மணி ஒரு படி மேலே போனான். ஐப்பசி முகூர்த்தத்துக்கு எங்கள் மூன்றாவது பேட்டரியை வாங்கிப் போனவன், முழுதாகச் சார்ஜ் ஏற்றியதோடு, தன் ட்ரோனில் செருகி அப்டேட்டும் செய்து கொண்டுவந்தான். எங்கள் ட்ரோனோ பழைய பதிப்பில் இருந்தது.

அடுத்த கல்யாணத்தில் அந்தப் பேட்டரியைப் போட்டவுடன் ட்ரோன் மறுத்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் சும்மா இருப்பாரா?

"இன்னாபா, உன் ஹெலிகாப்டரு கோவிச்சிகினு குந்திகிச்சா?"

"மொய் எழுதினாத்தான் எழுந்துப்பேன்னு சொல்லுதுங்க," என்றான் பாஸ்கரன்.

மண்டப வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்ற இரண்டு பேட்டரிகளை வைத்துச் சமாளித்தோம். அன்று மாலையே எல்லாவற்றையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றேன்.

"சீசன் முடியட்டும் மாமா. ஓடிகினு இருக்கிற மெஷின்ல கை வெச்சா பேஜாராயிடும். தறியில பாதிப் புடவை நிக்கும்போது எவனாச்சும் டிசைன் போடற ஜக்கார்டு பெட்டியத் தொறப்பானா?"

நியாயமான பேச்சுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பேட்டரியில் அடையாளமாகச் சிவப்புப் பட்டு நூல் ஒன்றைக் கட்டி ஓரமாக வைத்தேன்.

பிறகு கார்த்திகை மழை வந்தது.

ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் கமண்டல நாகநதி அந்த வாரம் எப்படி ஓடியது என்பதை நீங்களே பார்த்தீர்கள். மழை விட்ட அன்று பிற்பகல், தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவர் மழைக்கோட்டோடு எங்கள் ஸ்டூடியோ கடைக்குள் வந்தார். ஊரில் மின்சாரம் இல்லை. செல்போனில் டவரும் இல்லை. ஆகவே நேரில் வந்திருந்தார்.

"ட்ரோன் இருக்குதுங்களா? தரைப்பாலத்துல ஒருத்தர் அடிச்சிகினு போயிட்டாரு. எதையாச்சும் புடிச்சிகினு இருப்பாருன்னு தோணுது. கரையில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. கயிறு, ஆளு எல்லாம் ரெடியா இருக்குது. எங்க இறங்கறதுன்னுதான் தெரியணும்."

மழையினால் ஊர் திரும்ப இயலாமல் மணி அன்று எங்கள் கடையிலேயே இருந்தான். அவனுடைய காரில்தான் போனோம். அவனுடைய ட்ரோன்? சேத்துப்பட்டு நண்பர் ஒருவரிடம் இரவலில் இருந்தது. சிவப்பு நூல் கட்டிய பேட்டரியை ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரே ட்ரோன் அதுதான்.

அடித்துச் செல்லப்பட்டவர் பெயர் முருகேசன். அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தரைப்பாலத்தைக் கடந்திருக்கிறார். கரையில் அவர் மனைவி அஞ்சலை நின்றிருந்தார். அழவில்லை. பாஸ்கரன் கையிலிருந்த திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவரு தெரிவாராங்க?"

"தெரிவாரும்மா," என்றேன்.

பாலத்துக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிறது. நடுவில் பனைமரங்கள் அடர்ந்த ஒரு மேடு. எந்தக் கிளையில் தேடுவது? இடப்புறம்தான் போனார், கண்ணால் பார்த்தோம் என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. முதல் பேட்டரியில் இடப்புறம் பறந்தோம். பழுப்பு நீர்... மிதந்து வந்த வைக்கோற்போர்... ஒரு மோட்டார் கொட்டகையின் கூரை. இரண்டாவதில், இன்னும் கீழே போய், மேட்டின் முனைவரை சென்று திரும்பினோம். மனிதர் இல்லை.

வலப்புறக் கிளை மீதமிருந்தது. கையில் மீதமிருந்ததோ சிவப்பு நூல் பேட்டரி.

அது பறக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆயினும் பாஸ்கரன் செருகிப் பார்த்தான். முழு சார்ஜ் என்று நான்கு விளக்குகளும் எரிந்தன. திரையில், தங்கள் பாதுகாப்பு கருதிப் புறப்பாடு நிறுத்தப்பட்டுள்ளது, அப்டேட் செய்யவும் என்று வந்தது. எவருடைய பாதுகாப்பு?

டவர் கிடைக்குமா என்று ட்ரோனையும் செல்போனையும் தூக்கிக்கொண்டு பாஸ்கரன் மேட்டுச் சாலைக்கு ஓடினான். ஒரு கோடு வந்தது. பதிவிறக்கம் தொடங்கியது. நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது.

நான் காரில் முதல் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினேன். ஏறவில்லை. சூடு. சட்டையைக் கழற்றி ஆற்று நீரில் நனைத்து விசிறினேன். அருகில் நின்ற மணி சார்ஜரையே பார்த்தபடி பேசினான்.

"நல்லதுதானேங்க பண்ணேன்? புதுசு வந்திருக்குதுன்னு காட்டிச்சு. சும்மா திருப்பிக் குடுக்கறதுக்கு, செஞ்சி குடுக்கலாமேன்னு..."

"வுடுப்பா. நல்லதுதான் பண்ணே."

அவன் செய்தது நல்லதுதான். பாஸ்கரன் தள்ளிப்போட்டதும் நியாயந்தான். தவறு என்று தனியே எடுத்துக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆற்றில் ஒரு மனிதர் மட்டும் இருந்தார்.

தீயணைப்பு வீரர்கள் காத்திருக்கவில்லை. குத்துமதிப்பாக வலப்புறம் இறங்கினார்கள். கழுத்தளவு நீர் நின்ற கரும்புத் தோட்டத்தில் வழி அகப்படாமல் திரும்பினார்கள். ஒருவருக்குக் காலில் வெட்டுக்காயம்.

பேட்டரி ஆறி, சார்ஜ் ஓரளவு ஏறி, ட்ரோன் வலப்புறம் எழும்பியபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பனைமரங்களைத் தாண்டியவுடனே தெரிந்தது. பாதி முழுகி நின்ற சீமைக்கருவேல மரம். அதன் உச்சிக் கிளையில் ஒரு பச்சைத் துண்டு. இரண்டு முடிச்சு போட்டுக் கட்டியிருந்தது.

மரத்தில் எவரும் இல்லை.

பாஸ்கரன் ட்ரோனை இன்னும் தாழ்த்தினான். மரத்தைச் சுற்றினான். மீண்டும் சுற்றினான். அஞ்சலை திரையில் விரலை வைத்தார்.

"மூட்டைக்குத் தலையில வெக்கிற துண்டு. காலையில நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ட்ரோன், சார்ஜ் குறைந்ததும், தானாகவே திரும்பி வந்து எங்கள் காலடியில் இறங்கியது. மறுநாள் காலை, கீழே இருக்கும் தடுப்பணையில் முருகேசன் கிடைத்தார்.

காரியம் முடிந்தபின் நானும் பாஸ்கரனும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பாஸ்கரன் உள்ளே வரவில்லை. வண்டி அருகிலேயே நின்றுவிட்டான். அஞ்சலை எங்களைக் குறை சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை வாங்கும்போது கேட்டார்.

"மொதல்ல அந்தாண்ட பக்கம் பறந்துச்சே, அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமாங்க?"

காப்பாற்ற வந்தவர்கள் பக்கத்தில் வந்தும் தம்மிடம் வரவில்லையே என்று கணவர் தவித்திருப்பார் என எண்ணி இந்த அம்மா உருகக் கூடாது. அதுதான் என் மனத்தில் ஓடியது.

"இல்லம்மா. காத்து எதிர்ப்பக்கமா அடிச்சிது. கேட்டிருக்காது."

அவர் தலையை ஆட்டினார். தமக்குத்தாமே சொல்வது போலச் சொன்னார்.

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நம்மளத் தேடிகினு இருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கும். ஒண்டியாவே போயிட்டாரு."

ஆறுதல் என்று நினைத்து நான் கொடுத்தது அவரிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டது, பார்த்தீர்களா? அவ்விடத்திலேயே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவாரா? அதுவும் ஆறுதலுக்குச் சொல்வது என்றுதானே எடுத்துக்கொள்வார்? டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்டூடியோக்காரர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இரவல் வாங்கிய பேட்டரியை வாங்கியபடியே திருப்புவது. அப்டேட்டைச் சொந்தக்காரர்தான் செய்வது. அதையும் அன்றன்றே செய்வது. நல்ல முடிவு. எங்கள் மூன்று பேட்டரிகளும் இப்போது ஒரே பதிப்பில் இருக்கின்றன. சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அன்று.

அன்று எடுத்த காட்சிகளைப் பாஸ்கரனோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். பனைமரங்களின் ஓலை அசையவே இல்லை. காற்று என்று நான் சொன்னது பொய். இரண்டாவது முறை பறந்தபோது மேட்டின் முனையில்தான் ட்ரோன் திரும்பியது. பனைவரிசை மறைத்ததால் எங்களுக்கு அந்தக் கருவேல மரம் தெரியவில்லை. ஆனால் அந்த மரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்தை மீறிக் கேட்கும் சத்தம் அது.

இன்னொன்று. கரையில் நிற்பவர்களுக்குக் காட்ட நினைக்கிறவர் துண்டைக் கையில் பிடித்து ஆட்டுவார். முருகேசன், முள்ளில் ஏறி, உச்சிக் கிளையில் கட்டியிருக்கிறார். மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி கட்டியிருக்கிறார். மேலே ஒன்று தேடுகிறது என்று தெரியாதவர் ஏன் அங்கே கட்ட வேண்டும்?

கேட்டிருக்கிறது, அம்மா. தேடியது அவருக்குத் தெரியும்.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. அரிசி ஆலைப் பக்கம் இருப்பவர்கள் எவரேனும் இதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்தபின் இந்தத் தாளைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள்; அவர் மறுபடியும் கேட்கக்கூடும்.