சீகிரியாத் தோட்டத்தில் ஓர் ஊமை

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர் யாரும் சீகிரியாவுக்கு ஊர் பார்க்கப் போவதில்லை. நாங்கள் போனோம். காரணம் நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தம்பி, வெளிநாட்டு விசாவுக்காக எங்கள் மாடி அறையில் மாதக்கணக்காக அடைந்து கிடந்தான். தெருவில் இறங்கினால் பொலிசோ ஆமியோ சந்தேகத்தில் பிடிப்பார்கள். பிடித்தால் விசாவும் போய்விடும், அவனும் போய்விடுவான். வீட்டுக்குள்ளும் குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. என் கணவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளாக்கராக இருந்தார். அந்த லோயருக்குச் சீகிரியாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில், வயல் நடுவே சின்னதாக ஒரு விடுமுறை வீடு இருந்தது. இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வருவோம் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

“உமக்கென்ன விசரே?” என்றார் அவர். பிறகு வழக்கம்போல இறங்கி வந்தார். ஆனால் தம்பிக்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

“செக்பொயின்டில அடையாள அட்டையைக் காட்டத்தான் வேணும். கொழும்பில இருக்கிறதுக்குப் பொலிஸ் பதிவும் இருக்கு, பயமில்லை. மற்ற இடத்தில நீ ஊமை. ஆர் என்ன கேட்டாலும் நான் சொல்லுறன்.”

தம்பி அதற்கும் தலையைத்தான் ஆட்டினான்.

சீகிரியாவைப் படத்தில் பார்த்தது ஒன்றுமேயில்லை. வயலைத் தாண்டிக் காட்டுப்பாதையில் திரும்பியதும், பாதி வானத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பாறை நின்றது. என் கைகள் தாமாகக் கும்பிட்டுவிட்டன. யாரும் கவனித்துவிடக் கூடாதென்று என் கணவர் அவற்றைத் தட்டிவிட்டார். பாறையின் அடியில் நடைபாதைக்கு இருபுறமும் தோட்டம், குளம், செங்கல் கட்டிய ஓடை, மறுபடியும் குளம். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் ஓர் அரசன் கட்டியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மழைக்கு நின்ற வெள்ளம் வடிய இன்றைக்கும் இரண்டு நாளாகும்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கினோம். அங்கே வெள்ளை உடுத்த ஒரு சிங்கள அம்மா நின்றிருந்தார். பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, போய் வருபவர்போல. தம்பியைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். அவனுக்குப் பேச்சு வராது என்று என் கணவர் சுத்தமான சிங்களத்தில் முந்திக்கொண்டார்.

“அனே பவ்!” என்று அந்த அம்மா இரங்கி, அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மழை விட்டது. ஓடைக்கரையில் துளைகள் போட்ட வட்டக் கல் ஒன்றின் அருகே தம்பி குந்தியிருந்தான். துளைகளில் தண்ணீர் குமிழிட்டது. விரலளவு எழுந்தது. பிறகு ஒரு சாண் உயரத்துக்குப் பீறிட்டது.

“அக்கா! இஞ்ச ஓடி வாங்கோ! தண்ணி தன்ரபாட்டில மேல வருது! மோட்டர் இல்லை, ஒண்டுமில்லை!”

தோட்டம் முழுக்கக் கேட்டது. தமிழில். சனம் திரும்பிப் பார்த்தது. என் கணவர் மரம்போல நின்றார்.

அந்த அம்மாவோ இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பி “சாது, சாது!” என்று பன்சலையில் வணங்குவதுபோலக் கூவினார். ஊமைப் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது! அது என்ன மொழி என்பது அவருக்குப் பொருட்டாகவே இல்லை. கண்ணீரோடு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார்.

“கதா கரன்ன புத்தே, தவ கதா கரன்ன.” பேசு மகனே, இன்னும் பேசு.

அவன் பேசினான். நிலத்துக்கடியில் தண்ணீர் ஓடும் வழியை, மேட்டுக் குளம் கொடுக்கும் அழுத்தத்தை, இத்தனை காலமாகியும் அந்தத் துளைகள் அடைபடாததை, ஒரு சொல்லும் விளங்காத அந்த அம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டித் தமிழில் விளக்கினான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தண்ணீரைப் பார்ப்பதா, இவனைப் பார்ப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். எனக்கு இரண்டும் அதிசயம்தான்.

திரும்பும் வழியில் ஒரு செக்பொயின்டில் எங்கள் வானை மறித்து, தம்பியை மட்டும் இறக்கினார்கள். சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்டான். என் கணவர், பழக்கதோஷம், அவனுக்குப் பேச்சு வராது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

தம்பி அவரை இடைமறித்தான். அப்பாவின் பெயரையும் சேர்த்துத் தன் முழுப்பெயரை நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னான்.

சிப்பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னான்.

வானுக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். கொழும்புக்கு வந்த நாளிலிருந்து என் தம்பி தன் பெயரைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.