பன்னிரண்டாம் இசைத்தட்டில் என் கணவரின் குரல்

1986 அக்டோபரில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கும் அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்கும் தனியாகப் போனேன். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அது ஒரு கேசட்டைத் தேடிய பயணம். பழைய இசைத்தட்டுகளுக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்களாம். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் கணவர் பாளையங்கோட்டைக்காரர், மருந்துக் கம்பெனியில் வேதியியலாளர். ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் அவர் சேர்த்த பதினொரு இசைத்தட்டுகளும் ஒரே அமெரிக்க ராக் கலைஞருடையவை. வீட்டிலேயே பதிவு செய்து தபாலில் விற்பவர் அவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கான்வென்டில் எட்டு வருடம் பியானோ படித்த எனக்கு அது இசையாகவே படவில்லை. முதல் தட்டு முழுக்க கிதார் கம்பியை ஆணியால் தேய்த்திருந்தார். நான்காவதில் ஃபிரிட்ஜின் உறுமல்.

அந்தக் காலத்தில் ஊருக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவோம். மாமியார் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார். நாங்கள் மறுபடி அதன் மேல் பேசுவோம். பத்து வருடம் இப்படியே ஓடியது. கணவர் போன பிறகு வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். இருந்த எல்லாக் கேசட்டிலும் மாமியார் குரல்தான். ஊரிலும் ஒன்றும் மிச்சமில்லை. என் கணவரின் குரல் எங்குமே இல்லை.

மே மாதம் தபாலில் பன்னிரண்டாம் தட்டு வந்தது. கணவர் முன்பே சந்தா கட்டியிருந்தார். திருப்பி அனுப்புமுன் பழுது இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், ரீங்காரத்துக்கு நடுவே ஒரு குரல்: “அம்மா, சொகமா இருக்கியளா?” அவரேதான். அந்த ஒரு வரி மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வந்தது.

அப்போதுதான் புரிந்தது. நான்கு வருடம் முன்பு அந்தக் கலைஞர், வீட்டு இயந்திரங்களின் சத்தத்தைப் பதிந்து அனுப்பும்படி ரசிகர்களைக் கேட்டிருந்தார். கணவர் வாஷிங் மெஷினை அரை மணி நேரம் பதிந்தார். அன்றே அம்மாவுக்கும் பேசினார். இரண்டையும் உறை மாற்றிப் போட்டுவிட்டார். மாமியாரின் பதில், “ஏய்யா, அங்க விடாம மழையா பெய்யுது?” சிரித்தோம். அம்மாவுக்குப் பேசிய கேசட் எங்கே போனது என்று யோசிக்கவே இல்லை.

பன்னிரண்டு தட்டுகளையும் வரிசையாக, நாளுக்கு ஒன்றாகக் கேட்டேன். ஒரு தட்டின் கடைசிச் சத்தம் அடுத்த தட்டின் முதல் சத்தமாக இருந்தது. உறுமல் மணியோசையாகி, மணியோசை மூச்சாகி வளர்ந்தது. பதினான்கு வருடமாக அந்த மனிதர் ஒரே பாட்டை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு இது தெரிந்திருந்தது. நான் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை.

அந்தக் கேசட்டைக் கேட்டுக் கலைஞருக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தட்டின் உறையில் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் ஊரின் தபால் பெட்டி எண் இருந்தது. நியூவர்க்கிலிருந்து டாலஸுக்கு மூன்றே முக்கால் மணி நேரம், 119 டாலர். தெரிந்தவர்களான பாஸ்கர், வசந்தா தம்பதியின் வீட்டில் தங்கினேன். தபால் நிலையத்தில் விலாசம் தர மறுத்துவிட்டார்கள், அதுதான் முறை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து இசைத்தட்டுக் கடைக்காரர்தான், கலைஞர் வசந்த காலத்திலேயே கலிஃபோர்னியாவின் டப்ளினுக்குக் குடிபோய்விட்டதைச் சொல்லி, தொலைபேசியிலும் பிடித்துக் கொடுத்தார். கலைஞர் என்னை வியாழன் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

“ஆன்ட்டி, தனியாவா போறீங்க? அந்தாளு என்ன டைப்போ” என்று வசந்தா கவலைப்பட்டாள்.

“பயப்பட வேண்டியது அவன்தான்” என்றார் பாஸ்கர். “ரெண்டே நாள்ல நம்ம மசாலா டப்பாவையெல்லாம் ரீ-அரேஞ்ச் பண்ணிட்டாங்க, பார்த்தியா?”

“அகர வரிசையில்” என்றேன்.

ஓக்லண்ட் விமான நிலையத்திலிருந்து டப்ளின் 22 மைல். 580 ஃப்ரீவேயில் டாக்சிக்கு 35 நிமிடம், 34 டாலர். “அங்கே மலையும் மாடும்தானே இருக்கு, யாரைப் பார்க்கப் போறீங்க?” என்றார் ஓட்டுநர். “என் கணவரை” என்றேன்.

கலைஞர் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கராஜ் முழுக்க அலமாரிகள். பன்னிரண்டு தட்டுகளுக்கும் மூலமான ஒலிநாடாக்கள், ஒவ்வொன்றிலும் நாள், நேரம், அனுப்பியவர் பெயர். மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்த்த நான் இவ்வளவு ஒழுங்கை எங்கும் கண்டதில்லை. கணவரின் பெயரைச் சொன்னேன். அரை நிமிடத்தில் கேசட்டை எடுத்துவிட்டார்.

“இதை ஏன் கேட்காமல் பயன்படுத்தினீர்கள்?” என்றேன்.

“அவரே அனுப்பினாரே! இது பிரார்த்தனை என்று நினைத்தேன். என்ன சொல்கிறார்?”

ஓட விட்டார். “அம்மா, சொகமா இருக்கியளா? இங்க வெண்டைக்கா கெடைக்குது, ஆனா யானை வெல...” நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். வெண்டைக்காய் என்றதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து, “அவ நல்லாத்தாம்மா இருக்கா. இப்பவும் என்னைய ஏசிக்கிட்டுதான் இருக்கா, கவலப்படாதீய.” பின்னாலேயே, “சோறு ஆறுது, நிறுத்துங்க” என்று என் குரல். அதற்கு மேல் எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை. முப்பது நிமிடமும் ஓடி முடிந்தது.

“இது உங்களுக்கு வந்ததில்லை, என் மாமியாருக்கு” என்றேன். தயங்காமல் கொடுத்தார். கேசட்டின் முதுகு விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் காணவில்லை. அவற்றை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. “வந்த அன்றே உடைத்துவிட்டேன். எந்தக் குரலையும் அழிக்க விடமாட்டேன்” என்றார்.

போக விரும்புகிறவர்களுக்கு: டப்ளினுக்கு இப்போது பார்ட் ரயில் இருக்கிறது, டாக்சி வேண்டாம். சிறிய இசைத்தட்டுக் கடைகளில் காலையில் பேசுங்கள், மதியத்துக்குமேல் கூட்டம். சந்திக்கப் போகிறவரின் எல்லாத் தட்டுகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டுப் போங்கள், அது மரியாதை. பழைய கேசட் கையில் கிடைத்தால், போட்டுக் கேட்பதற்கு முன் அந்த இரண்டு துண்டுகளையும் உடைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரதி எடுத்து, துண்டுகளை உடைத்து, பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். ஆறு வாரத்தில் மாமியாரின் பதில் வந்தது. புதுக் கேசட் வாங்கிப் பேசியிருந்தார்.