படிக்காமல் விட்ட வரி

கவரைப்பேட்டையில் போண்டா மடித்துத் தந்த செய்தித்தாளில் ‘அடையாளம் தெரியாத ஆண் உடல்’ என்றிருந்தது. எண்ணெய் வாசனையோடு எழுபதுகளின் பழவேற்காட்டு வீடு எழுந்து வந்தது.

கடலுக்குப் போன நைனா திரும்பாத ஒன்பதாம் நாள். வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள், நாலாம் வகுப்பு படித்த நான் ஒருத்திதான். “காது கேட்டா கண்ணு பார்க்கும்” என்பாள் அம்மா. நான் செய்தித்தாளைப் படிக்க, கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆந்திரக் கரையில் ஒதுங்கிய ஆண் உடல். நீலக் கட்டம் போட்ட லுங்கி...”

“ஊருக்கே அதான்டி லுங்கி. நான் சிவப்பு நூல்ல கிழிசலத் தெச்சேனே, அது போட்டுக்கீதா?”

அடுத்த வரியே அதுதான்.

“இல்லம்மா.”

“அப்போ அது உன் நைனா இல்ல. வந்துருவாரு.”

சாகும்வரை அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

போண்டாவை வைத்துவிட்டு, இந்தச் செய்தியைக் கடைசி வரிவரை உரக்கப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்க யாருமில்லை.