ஆரம்ப வகுப்பில் பதினோராம் ஆண்டு

பஞ்சைப் பிரிக்கும்போது ரொலான் ஷொமெத் மூச்சு விடமாட்டார். இரண்டு விரல் நுனியில் துளிப் பஞ்சை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதில் பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மீதியைத் தந்தியின் மேல் வைத்துக் கைப்பிடியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவார். சக்கரமே பஞ்சைத் தந்தியில் சுற்றிவிடும். காதைச் சாய்த்துக் கேட்பார். முகம் சுளிக்கும். எல்லாவற்றையும் பிரித்தெடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். செவ்வாய்க்கிழமை ஆறு மணி வகுப்புக்கு ஐந்தே காலுக்கே வந்துவிடுவார். அப்படி வந்தும் அவருடைய வீயெல் தயாராவதற்குள் வகுப்பில் பாதி போய்விடும்.

எங்கள் பக்கத்தில் வீயெல் வாசிக்கிற எல்லோருக்கும் இந்தப் பாடு உண்டு. மடியில் வாரால் கட்டிக்கொள்ளும் மரப்பெட்டி அது. வலக்கை பின்னாலுள்ள கைப்பிடியைச் சுற்ற, மரச்சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். இடக்கை கட்டைகளை அழுத்திப் பாட்டை எடுக்கும். தந்தியில் பஞ்சு கூடினால் தொண்டை கட்டிக்கொள்ளும், குறைந்தால் கிறீச்சிடும். சக்கரத்தில் பிசின் தடவியிருக்கும். அதில் விரல் பட்டால் விரலின் எண்ணெய் ஒட்டிக்கொண்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் ஓசை வழுக்கும். வகுப்புக்கு வந்த முதல் நாள் நானும் தொட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"தம்பி, சூடான அடுப்பைத் தொடுங்க. கொத்த வர்ற வாத்தைத் தொடுங்க. சக்கரத்தைத் தொடாதீங்க."

இவர்தான் ஆசிரியர் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்டேன். பத்து நிமிடம் கழித்து உண்மையான ஆசிரியை அனாயிஸ் வந்தாள். அவருக்கு மகளாகும் வயது. வந்ததும் தன் வீயெலை அவர் மடியில் வைத்து, "ரொலான், கொஞ்சம் என்னன்னு பாருங்களேன், காலையிலேர்ந்து கத்துது" என்றாள். ஆரம்ப வகுப்பில் அவருக்கு அது ஆறாவது வருடம். நான் அடுத்த வருடமே இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன். அவர் அங்கேயே இருக்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவர். டயர், பிரேக், விளக்கு, புகை என்று ஒன்றுவிடாமல் பார்ப்பார். அவரிடம் முதல் தடவையே தேறிய வண்டி இந்த வட்டாரத்தில் மொத்தம் நான்கோ ஐந்தோதான் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்ற வாரமே வீயெல் வாங்கினார். அதற்கும் பதினான்கு அம்சங்கள் கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்றைத் தானே எழுதி, அட்டையில் ஒட்டி, பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பதினான்காவது அம்சத்துக்கு வருவதற்குள் யாராவது கதவைத் திறப்பார்கள், ஈரக்காற்று வரும், தந்தி இறங்கும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

ஆனால் அவரை யாரும் வாசிக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் வாசிக்கத் தெரிந்தவர்களே சண்டைக்கு வருவார்கள். எந்த ஊரில் நடனம் என்றாலும் கூடத்துக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள். இருபது வருடம், முப்பது வருடம் வாசித்தவர்கள் எல்லாம் தங்கள் பெட்டியோடு வாசலில் வரிசையில் நிற்பார்கள். இவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பஞ்சு மாற்றி, சுருதி சேர்த்து, ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டுத் தலையசைப்பார். சிலரிடம் தலையசைக்கமாட்டார். அவர்கள் அன்று கொஞ்சம் பயத்தோடுதான் வாசிப்பார்கள்.

"வாசிக்கிறவன் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கான். சோதிக்கிறவன் எத்தனை பேர் இருக்கான், சொல்லுங்க பார்ப்போம்" என்று என்னிடம் கேட்டார் ஒருமுறை.

"சரி, நீங்க எப்ப வாசிப்பீங்க?"

"நான் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்."

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி சொலாஞ். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர், கட்டை குட்டையான உருவம், நடனம் என்றால் உயிர். கணவர் வீயெல் வாங்கிய அன்று, இனி அவர் வாசிக்க, தான் ஆடலாம் என்று நினைத்துப் புதுச் செருப்பு வாங்கினாராம். அந்தச் செருப்பு தேய்ந்து மூன்றாவது ஜோடி நடக்கிறது. ஆடுவதெல்லாம் ரொட்டிக்கடை எர்வேயுடன்தான். போன கிறிஸ்துமஸ் நடனத்தில், இடைவேளையில், சாமான் அறை வாசலில் வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு சொலாஞ் உள்ளே வந்தார். நானும் அந்த வரிசையில் நின்றேன்.

"ரொலான், பதினோரு வருஷம் நான் அடுத்தவ புருஷன்கூட ஆடியாச்சு. எர்வே நல்ல மனுஷன், ஆனா அவன் மேல எப்பவும் ஈஸ்ட் வாசனை."

"இதை முடிச்சுட்டு வர்றேன்" என்றார் இவர், பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ வர வேணாம். ஈஸ்டர் திங்கக்கிழமை நடனத்துக்கு நான் வருவேன். சுவத்தோரமா உக்காருவேன். நீ வாசிச்சா எழுந்திரிப்பேன். வாசிக்கலைன்னா அந்தச் செருப்பைத் தூக்கிக் கோழிக்கூட்டுல போட்டுடுவேன். அதுக்கப்புறம் என்னை எந்த நடனத்துக்கும் கூப்பிடாதே."

அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். அவர் கையிலிருந்து பஞ்சு தவறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜனவரியிலிருந்து ஒரு பூரேயை எடுத்துப் பழக ஆரம்பித்தார். பூரே எங்கள் பக்கத்து நடனம். இரண்டு வரிசை எதிரெதிராக நிற்கும். பாட்டின் முதல் பாதிக்கு முன்னால் வந்து பின்னால் போக வேண்டும். இரண்டாம் பாதிக்கு ஒருவரையொருவர் தோள் உரசக் கடந்து பக்கம் மாற வேண்டும். ஆட்டத்தின் ருசியெல்லாம் அப்படிக் கடப்பதில்தான் இருக்கிறது. மார்ச் மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் பாதியை வாசித்துக் காட்டினார். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. வீயெலில் 'நாய்' என்று ஒரு சின்னக் கட்டை உண்டு. கைப்பிடியைச் சுற்றும்போது மணிக்கட்டைச் சுண்டினால் தாளத்துக்குக் குரைக்கும். அவருடைய நாய் ஒரு குரைப்புக்கூடத் தவறவில்லை.

"அடுத்த பாதி?" என்றேன்.

"இதுல மூணாவது கட்டை இன்னும் லேசா இழுக்குது. இது தேறினாத்தான் அது."

"ஈஸ்டருக்கு மூணு வாரந்தான் இருக்கு."

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டார். "தம்பி, பாட்டுக் கேக்க வந்தவன் பிடிக்கலைன்னாலும் கை தட்டிட்டுப் போயிடுவான். ஆடுறவன் அப்படியில்ல. தப்பா வாசிச்சா கால் நின்னுடும். ஒரே ஒரு ஜோடி நின்னாலும் எனக்குத் தெரியும். அதுவும் அவ கால் நின்னுட்டா…" என்று நிறுத்தி, பதினோரு வருடமாக ஏன் ஆரம்ப வகுப்பு என்று நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதுபோல, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

ஈஸ்டர் திங்கட்கிழமை வந்தது. மதியமே கூடம் நிறைந்துவிட்டது. முழு முட்டை வைத்துச் சுட்ட இறைச்சி அப்பமும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மேசையில் இருந்தன. சொலாஞ் சொன்னபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், செருப்பு மாட்டிய காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு. நான்கு நடனம் போயிற்று. எர்வே இரண்டு தடவை வந்து கூப்பிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாவதற்கு அனாயிஸ் மேடையிலிருந்து இறங்க, சாமான் அறைக் கதவு திறந்து ரொலான் வந்தார். பதினான்கு அம்சங்களும் முடிந்திருந்தன. கூடம் அடங்கிவிட்டது. சொலாஞ் எழுந்து போய் எர்வேக்கு எதிரில் நின்றார்.

முதல் பாதி. இரண்டு வரிசையும் முன்னால் வந்தது, பின்னால் போனது. இவ்வளவு சுத்தமான வீயெல் ஓசையை அந்தக் கூடம் கேட்டதில்லை. முதல் பாதி முடிந்ததும் எல்லோரும் கடப்பதற்குத் தோளைத் திருப்பினார்கள். ரொலான் மறுபடி முதல் பாதியை எடுத்தார். திருப்பிய தோளைத் திரும்பக் கொண்டுவந்து முன்னால் போனார்கள், பின்னால் வந்தார்கள். மறுபடி தோளைத் திருப்பினார்கள். மறுபடி முதல் பாதி.

"ஏம்மா சொலாஞ், உங்க வீட்டுக்காரர் நம்மளைக் கடைசிவரைக்கும் கடக்க விடமாட்டாரா?" என்று ஆடிக்கொண்டே கேட்டார் எர்வே. வரிசை முழுக்கச் சிரிப்பு.

ஆறாவது தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் பாதி அவரிடம் இல்லை. பாதியில் நிறுத்தினால் ஆட்டம் அந்தரத்தில் நிற்கும், அதுவும் அவரால் முடியாது. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. கண் சொலாஞ்சின் கால்களைவிட்டு அகலவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், யாருடைய காலும் நிற்கவில்லை. பதினோரு வருடமாக அவர் பயந்தது நடக்கவேயில்லை. மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு, போகவும் வரவுமாக எல்லோரும் ஆடிக்கொண்டேயிருந்தார்கள்.

பன்னிரண்டாவது தடவை தோளைத் திருப்பும் இடம் வந்தது. சொலாஞ் பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. எர்வேயின் தோளை உரசிக்கொண்டு தானே கடந்து அந்தப் பக்கம் போனார். அங்கேயும் நிற்காமல் நேரே நடந்து, நாற்காலியருகே வந்து, சுழலும் சக்கரத்தின் மேல் தன் முழு உள்ளங்கையையும் வைத்தார். ஓசை அடங்கியது. அந்தச் சக்கரத்தை அறிந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஆடிட்டேன், ரொலான்" என்றார் சொலாஞ்.

ரொலான் சக்கரத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து, சக்கரத்துக்கென்றே வைத்திருக்கும் வெள்ளைத் துணியை எடுத்தார். பிசின் ஒட்டிய மனைவியின் உள்ளங்கையை முதலில் துடைத்தார்.