மொட்டை மாடிக்கு வந்த ஈரான்

தொண்ணூறுகள் முடிந்த சமயம், புனேயில் கேம்ப் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கேபிள்காரர்கள் கழித்துப்போடும் டிஷ் ஆன்டெனாக்களைப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப்பிடித்து வாங்கி வருவேன். மொட்டை மாடியில் நான்கு சேர்ந்துவிட்டன. பெரியது எட்டடி அகலம். ஞாயிறானால் சின்ன டிவியை மேலே தூக்கிப்போய் டிஷ்ஷை மெல்ல மெல்லத் திருப்புவேன். புள்ளிகள் விலகி எந்த நாட்டுச் செய்தியாவது தெரிந்துவிட்டால் பசியே எடுக்காது. ஒரு வார்த்தை புரியாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். யாரோ புகார் சொல்லியிருக்கிறார்களாம். இந்த வாரத்துக்குள் எல்லா டிஷ்ஷையும் எடுத்துவிட வேண்டுமாம். யார் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

என் சந்தேகம் இரண்டாம் மாடி ஈரான் தம்பதி மேல் விழுந்தது. கணவர் இங்கே ஆராய்ச்சி மாணவர். அந்தப் பெண் தினமும் மாடிக்கு வந்து என் டிஷ்களையே முறைத்துப் பார்ப்பாள். ஒரு மாலை அவளிடம் இந்தியில், தொந்தரவு என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கடுமையாகக் கேட்டுவிட்டேன். அவளுக்கு இந்தி புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. முகம் வாடி இறங்கிப் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் கணவர் ஒரு தட்டில் பிஸ்தாவோடு வந்து நின்றார். எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னார்: "போன மாசம் உங்க டிவியில எங்க மொழி கேட்டுச்சாம். திரும்பக் கேக்குமான்னுதான் தினமும் வந்து நிக்கிறா. நாளைக்கு எங்களுக்குப் புதுவருஷம்."

அவர் போனதும் என் மனைவி, "ஒரு வார்த்தை விசாரிக்காம அவங்கதான்னு முடிவு பண்ணிட்டீங்களே" என்றாள்.

மறுநாள் லீவு போட்டேன். வசந்தம் பிறக்கும் நொடிதான் அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அந்த வருடம் அது மதியம் ஒரு மணிக்கு மேல் வந்தது. போன மாதம் டிஷ் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. காலையிலிருந்து அவர்கள் மொழிச் சேனலைத் தேடினேன். மனைவி டிவிக்குக் குடை பிடித்தாள். ஈரான் பெண் புதுவருஷத்துக்கென்று முளைக்கவிட்ட கோதுமையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். அச்சு அசல் நம் முளைப்பாரி.

பத்து நிமிடம்தான் இருந்தது. ஒரு கணம் படம் வந்தது, போனது. டிஷ்ஷைத் தாங்கும் கம்பியின் போல்ட் தேய்ந்து, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்துச் செயலாளர் மேலே வந்தார், இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க. கேட்டபடியே டிஷ்ஷின் விளிம்பில் கை வைத்தார். படம் பளிச்சென்று நின்றது.

"சார், அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றேன்.

மனிதர் எதுவும் புரியாமல் வெயிலில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிவியில் நொடிகள் எண்ணினார்கள், வாத்தியம் முழங்கியது. அந்தப் பெண் சிரித்தாள், அழுதாள், என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். செயலாளர் வாயிலும் ஒரு இனிப்பு திணிக்கப்பட்டது, இரண்டு கையும் டிஷ்ஷில் இருந்ததால்.

மென்றுகொண்டே அவர் உண்மையைச் சொன்னார். புகார் கொடுத்தது அவர் மனைவிதானாம். பெரிய டிஷ்ஷின் நிழலில் அந்த அம்மா போட்ட அப்பளம் காயவில்லையாம். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அன்று மாலையே டிஷ்களை மேற்குச் சுவரோரம் நகர்த்திவிட்டோம். அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

எத்தனையோ நாட்டுக் குரல்களை வானத்திலிருந்து இறக்கிக் கேட்டவன் நான்; ஒரு மாடி கீழே இருந்தவர்களை மட்டும் கேட்கத் தவறியிருந்தேன் என்ற வெட்கம்தான், இன்றும் யாரையும் சந்தேகிக்கும் முன் ஒரு வார்த்தை பேசிவிடச் சொல்கிறது.