பீரோ வீட்டுப் படகு

என் தலைக்கு மேலே நாள் முழுக்க ஒரு படகு ஓடியது. ஓட்டியவர் மாடியில் குடியிருந்த பீரோ. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் கட்டி மாடியேற்றினாராம். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

படகு என்று அந்த வீட்டில் சொன்னது, உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடும் உடற்பயிற்சி மெஷினை. வழுக்கி ஓடும் ஓர் இருக்கை, பாதத்தைக் கட்ட இரண்டு பட்டை, இழுக்க ஒரு கைப்பிடி, எதிரே எண் காட்டும் சின்னத் திரை. வீடு மாறிய ஏதோ ஒரு குடும்பம், இடத்தை அடைக்கிறது என்று அதை இவர் தலையில் கட்டிவிட்டது. வெகுகாலம் அதன்மேல் துணிதான் காய்ந்தது.

பிறகு ஒரு ஃப்ரிட்ஜை இறக்கும்போது படியில் கால் இடறி, அவருடைய வலது முழங்கால் திருகிக்கொண்டது. உள்ளே தசைநார் அறுந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண், துணிக்குவியலுக்கு அடியில் மெஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனாள்.

"இதைவிட நல்லது கிடையாதுங்க. உடம்பு பாரம் முட்டியில விழாது. ஆனா காலாலதான் தள்ளணும், கை சும்மா கூட வரணும். வலது தொடை இடது தொடை அளவுக்குத் தேறட்டும். அப்புறம் வேலைக்குப் போங்க."

இதில் கடைசி வார்த்தை மட்டும்தான் மனுஷன் காதில் விழுந்தது. எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவருக்கு ஜோடி, மனைவியின் தம்பி. எந்தச் சாமானானாலும் ஒரு முனையில் மாமா, மறுமுனையில் மைத்துனன். கயிறு மாட்டுவதிலிருந்து மூச்சு வாங்குவது வரை இருவருக்கும் ஒரே தாளம். பீரோ படுத்ததும் மைத்துனன் வேறோர் ஆளைச் சேர்த்துக்கொண்டான். வேலை முடிந்து தினமும் மாமாவைப் பார்க்க வருவான்.

"புது ஆள் எப்படிடா மாப்ள?"

"நல்லாத்தான் பண்றான் மாமா. வாயே திறக்கறதில்ல."

வெள்ளை மனசு, உள்ளதைச் சொல்லிவிட்டான். கால் தேறுவதற்குள் தன் இடம் பறிபோய்விடும், அப்புறம் எவன் வீட்டு வாசலிலோ காவலுக்கு உட்காரவேண்டியதுதான் என்று பீரோ பயந்தார்.

மறுநாளிலிருந்து மேலே சத்தம் மாறியது. அதுவரை இருக்கை மெதுவாக உருளும், நிற்கும், திரும்பும். இப்போது வெடுக் வெடுக்கென்று இழுப்பு. என் கூரையே ஆடியது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நடந்தது இதுதான்: வலது காலால் தள்ளினால் உயிர் போகும் வலி. கையோ பீரோ தூக்கிய கை. கையாலும் முதுகாலும் இழுத்தால் வலியும் இல்லை, திரையில் எண்ணும் ஏறுகிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிசியோதெரபிப் பெண் வருவதைக் குறைத்துக்கொண்டு போனில் விசாரித்தபோதும் அதையே பெருமையாகச் சொன்னார்.

மனைவி மட்டும் காலைப் பார்த்தாள்.

"எதிர்ல இருக்கறதைப் பாக்கறீங்க, கீழ இருக்கறதைப் பாக்க மாட்டேங்கறீங்க. வலது தொடை இளைச்சுக்கிட்டே போகுது."

"மெஷின் பொய் சொல்லுமாடி?"

"அதுக்கென்ன கண்ணா இருக்கு, இழுக்கறது கையா காலான்னு பாக்க?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தம்பியைப் பிடித்தாள். என் வீட்டு வாசலில் நின்றுதான் இருவரும் பேசினார்கள்.

"கால் இன்னும் ஆகலடா. இப்போதைக்குக் கூட்டிட்டுப் போகாத."

"வேணாம்னு சொன்னா மாமா ஒடிஞ்சு போயிடுவாருக்கா. அவரு மேல நிக்கட்டும், நான் கீழ நின்னுக்கறேன்."

சாமானை இறக்கும்போது கீழே நிற்பவன் பின்பக்கமாகவே படியிறங்குவான். பாரம் அவன்மேல். மேலே நிற்பவனுக்குப் பிடித்து நிறுத்துகிற வேலைதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் அவன் முட்டி மடங்கி நிமிர வேண்டும். அக்காவும் தம்பியும் அதை யோசிக்கவில்லை.

வேலைக்குப் போன அன்று பீரோ சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். மூட்டை தூக்கப் போகிறவருக்கு எதற்கு இஸ்திரி என்று நான் கிண்டல் செய்தேன். மாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

முதல் சாமான் ஒரு வாஷிங் மெஷின். இரண்டு படி இறங்கினார்கள். மூன்றாவது படிக்கு வலது காலை ஊன்றி மடக்கியபோது தொடையில் பிடிப்பே இல்லை. கால் துணி போல மடிந்தது. கை மட்டும் கடைசிவரை கயிற்றை விடவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. பாரம் முழுக்கக் கீழே போய் மைத்துனனைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அவனுடைய இரண்டு முழங்காலும் நொறுங்கிப்போயின.

ஆஸ்பத்திரியில் பீரோவின் மனைவி, தம்பி கீழே நின்ற காரணத்தைச் சொல்லிக் கதறினாள். பீரோ அழவில்லை. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மைத்துனன் வீடு திரும்பிய பின் ஒருநாள் பீரோ படகைக் கழற்றி, தானே படியிறக்கினார். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, பக்கத்தில் இழுத்து வைத்து, மறுபடி உட்கார்ந்து. நான் கை கொடுக்கப் போனேன். "வேணாம்ணே" என்றார். வண்டியில் ஏற்றத்தான் விட்டார். நானும் கூடவே போனேன்.

மைத்துனன் வீட்டில் அவனைத் தூக்கி இருக்கையில் வைத்து, பாதங்களைப் பட்டையில் கட்டினோம். அவன் முன்னால் கையை நீட்டித் தேடினான்.

"கைப்பிடி எங்க மாமா?"

"அறுத்து எறிஞ்சுட்டேன். கை ஏமாத்தும்டா மாப்ள. காலால தள்ளு."

தள்ளினான். இருக்கை ஒரு விரற்கடைகூட நகரவில்லை. வலியில் அவன் கண் நிறைந்துவிட்டது. பீரோ தரையில் உட்கார்ந்து, அவன் முட்டிக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"என் கால் ஆகலன்னு தெரிஞ்சுதான கீழ நின்ன?"

"ஆமா மாமா."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா, வீம்புக்குன்னே நீங்க கீழ நின்னிருப்பீங்க."

பீரோ தலையாட்டினார். முட்டிக்கு அடியில் இருந்த உள்ளங்கையை இன்னும் நன்றாகக் கொடுத்துத் தாங்கினார்.

"தள்ளு" என்றார்.