குழிக்கு ஒரு செல்

கதவைத் திறப்பதற்கு முன் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். வீட்டுக் கதவல்ல, செல்கள் வளரும் வெதுவெதுப்பான பெட்டியின் கதவு. "உள்ள ஆளுங்க இருக்காங்கல்ல, சட்டுனு திறந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு குடுவையை எடுப்பார். அதை மேசையில் பத்திரமாக வைத்த பிறகுதான் அடுத்த மூச்சு. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்தது இதனால்தான். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். மூச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. அந்தக் குடுவைகளில் இருக்கும் செல்கள் இளஞ்சிவப்பு ஊட்டநீரைக் குடித்து ஓர் எதிர்பொருளைச் சுரக்கின்றன. எலியின் உடம்பில் காவல் காக்கும் வெள்ளணுக்களின் மேல் பொத்தான் போல ஓர் ஏற்பி உண்டு. அதைப் புற்றுக்கட்டி தொட்டு அமுக்கினால் காவலாளி தூங்கிவிடுவான். அக்காவின் எதிர்பொருள் போய் அந்த ஏற்பியை மூடிக்கொண்டால் தூக்கம் கலையும், கட்டி கரையும். குடுவையில் உள்ள அத்தனையும் ஒரே செல்லின் வாரிசுகள், ஆகவே சுரப்பதும் ஒன்றே. "ஒருத்தன் சொன்னதையே ஊரே திருப்பிச் சொல்லும்" என்று அக்கா விளக்குவார்.

மதியத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் ஆள் இந்த உலகத்தில் இல்லை. உருண்டை உருண்டையாக, ஓரம் மினுங்க, சத்தமில்லாமல் கிடக்கும் அவற்றைப் பார்த்தபடி சாப்பாட்டை மறந்துவிடுவார். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, எதிர்ச்சுவரில் ஏறி, அவரைக் கேட்காமலே போய்விடும். வீட்டுக்காரர் போனில், "நான் பேசறது காதுல விழுதா, இல்ல மிதந்துட்டு இருக்கியா?" என்பார். "மிதந்துட்டுதான் இருக்கேன், சொல்லுங்க."

இப்படி மிதந்ததில்தான் வினை வந்தது. கொழுகொழுவென்று பெருகும் குடுவையின் மேல் அக்காவுக்குத் தனிப் பிரியம். ஒரு வருடமாக அதையே பங்கிட்டு வளர்த்தார், அதையே உறைய வைத்தார். நோஞ்சான் குடுவைகளையும் பழைய சேமிப்பையும் இடத்தை அடைக்கிறதென்று கழித்துக்கட்டினார். சுரக்கிற செல்லுக்குப் பாதிச் சத்து உழைப்பிலேயே போய்விடும். சுரப்பதை நிறுத்திய சோம்பேறிதான் மளமளவென்று பெருகுவான். இது அக்காவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிரியம் கண்ணை மறைத்துவிட்டது. மாதாமாதம் எடுத்த மொத்தப் புரத அளவும் சரியாகவே காட்டியது. ஊட்டநீரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறு புரதம் குறையை மூடி மறைத்திருந்தது.

அடி விழுந்தது ஆராய்ச்சி மாணவிக்கு. அக்கா தருவதை எலிகளுக்கு ஊசியில் ஏற்றுபவள் அவள். மூன்று முறை ஏற்றியும் கட்டி கரையவில்லை. மூன்று வருட உழைப்பு. "என் கைதான் சரியில்லக்கா. ஊசி போடவே எனக்கு வரல" என்று வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விலகல் கடிதம் எழுதிப் பையில் வைத்திருப்பதாகவும் மாதக் கடைசியில் பேராசிரியரிடம் கொடுக்கப்போவதாகவும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அக்கா தன் செல்லக் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார். எதிர்பொருள் இருந்தால் நீலம் வரும். வரவில்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை மாணவியின் மேசைவரை போனார். "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். தப்பே செய்யாதவர் என்று வாங்கிய பெயர் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பத்துத் தட்டுகளை எடுத்தார். தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி, குழிக்கு ஒரு செல். அந்தச் சோம்பேறிக் கூட்டத்தில் இன்னும் உழைக்கிறவன் ஒருத்தன் மிஞ்சியிருந்தால்கூடப் போதும், அவனை வைத்து வம்சத்தை மறுபடி தொடங்கிவிடலாம். இல்லையென்றால் எல்லாம் போச்சு. செல்கள் பெருகும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணை மூடினால் குழிகள், திறந்தாலும் குழிகள். பேருந்து ஜன்னலில் மழைத்துளிகளை வரிசையாக எண்ணிக்கொண்டு போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார். "ஒருத்தனாவது இருங்கப்பா" என்று உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது.

சோதனைக்கான நாள் மாதக் கடைசியாக அமைந்தது. குழிக்கொரு சொட்டு எடுத்து வேறு பத்துத் தட்டுகளில் சோதித்தார். ஒன்பது தட்டுகள் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகக் கிடந்தன. பத்தாவதில், ஓரத்துக் குழி ஒன்றில், விடியற்கால வானம் போல நீலம் மெல்லக் கசிந்தது. அக்கா அந்தக் குழிக்குரிய செல்களை நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தார். அந்தத் தட்டிலேயே மிகச் சின்னக் கூட்டம் அதுதான்.

வெளியே வந்தபோது மாணவி கடிதத்தோடு பேராசிரியர் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். "அங்க போகாத. இங்க வா" என்று இழுத்துவந்து நீலத்தைக் காட்டினார்.

"இது என்னக்கா?"

"இதுதான் மருந்து. இவ்வளவு நாளா நான் குடுத்ததுல ஒண்ணுமே இல்ல. என் தப்பு. ரெண்டு வாரமா தெரியும், உங்கிட்ட சொல்ல வாய் வரல."

மாணவி குனிந்து அந்தக் குழியைப் பார்த்தாள். அக்கா கையுறைகளைக் கழற்றினார். அவளுடைய வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.